கடுக்காயில் வந்த கை

...போயிற்று, போயே போயிற்று, சலவை சோடாத் தண்ணீரில் லேசாக முக்கி எடுக்க வேண்டியதை இவள் என்னவோ போர்வை ஊறப் போட்டவள் போல விட்டுவிட்டாள், இப்போது தட்டில் கிடப்பது படமா, நேற்று மீந்த ஆப்பமா... ஞானஜோதி துவைக்கிற கல்லின் மேல் வைத்த தட்டில் மூக்கு நனையும் வரை குனிந்து பார்த்தாள். சிட்லபாக்கம் ஏரியையே கடன் வாங்கிப் பூசியது போல அவ்வளவு நீலம் இருந்ததே, எங்கே? சுற்றிலும் நீலம் நின்றால்தானே நடுவில் வெள்ளையாக அவர் கை நிற்கும், நீலம் வெளுத்தால் கை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்... போன ஏப்ரலில், வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகிற மருந்து பூசிய காகிதத்தை மொட்டை மாடியில் விரித்து, அதன்மேல் புருஷன் அசரியாவின் வலது கையை வைத்து அழுத்தினாள், தாம்பரத்து வெயில் காக்கை நிழலைக்கூடக் கருக வறுக்கும் வெயில், "கையை நல்லா விரிங்க, இதுலயுமா சோம்பேறித்தனம்" என்று அதட்டினாள், "விரிச்சுத்தான் இருக்கேன் ஜோதி, வெந்து வடையாவுது" என்று அந்த மனுஷன் கத்தினது ஏர்போர்ட் வரை கேட்டிருக்கும். கழுவி எடுத்தால் நீலத்துக்கு நடுவில் வெள்ளைக் கை! பீச் ஸ்டேஷன் மின்ரயிலில் கார்டாக இருந்து கொடி காட்டிய கை, அது அசையாவிட்டால் சைதாப்பேட்டையில் சூரியனே நகராது என்று அவரே அளப்பார். சுண்டுவிரல் ஓரம் மட்டும் கொஞ்சம் மசமசவென்று இருந்தது, காற்றுக்குக் காகிதம் எழும்பியிருக்கும் என்று விட்டுவிட்டாள்... ஆடிக் காற்றோடு பக்கவாதம் வந்தது. அந்தக் கை இன்று மூடின முஷ்டி, பிசியோதெரபிக்காரர் கெஞ்சினாலும் திறக்காத முஷ்டி. இன்னொரு படம் எடுக்க முடியாது, ஆண்டவரே மாடிக்கு வந்து வெயில் பிடித்தாலும் முடியாது.

எல்லாம் இந்த ஹெப்சியால். நாளைக்கு சர்ச் ஹாலில் கண்காட்சி, கொயர் ஹெப்சிதான் பொறுப்பு, "அக்கா, நீலக் கையைப் பாத்தா ஐசியூ ஞாபகம் வருது, பிரவுன் பண்ணிடுங்களேன்" என்று போனில் ஒரு சொல் போட்டாள், சரி என்று தலையாட்டினது யார், ஹெப்சியா... வேப்பிலைப் படமும் லேஸ் படமும் இப்படித்தான் சோடாவில் வெளுத்தன, கெட்டி டீயில் போட்டதும் காப்பிக்கொட்டை நிறத்தில் திரும்பி வந்தன, திரும்பி வருவதுதானே இந்த வித்தையே, அதை நம்பித்தான் இதையும் முக்கினாள். அடுப்பில் குண்டான் நிறைய டீத்தூள் கொதித்துக்கொண்டிருந்தது, கொண்டுவரலாம் என்று உள்ளே போனால், குண்டானுக்குள் பால்! இஞ்சி வேறு மிதக்கிறது. பாத்திரம் தேய்க்க வந்த கிளியம்மாள் முந்தானையில் குண்டானைப் பிடித்து ஆற்றிக்கொண்டிருக்கிறாள். "இன்னாக்கா முழிக்கிறே, தூளு மட்டும் கொதிச்சிகினு கீது, பால் ஊத்த மறந்துட்டே போலன்னு நான்தான் ஊத்துனேன். யாரு வர்றாங்க, இம்மாம் டீ?" இந்தத் தெருவில் கறுப்பு டீயைக் கண்டு பால் ஊற்றாமல் இருக்கிற கை எந்தப் பெண்ணுக்காவது உண்டா, இவளே ஊற்றியிருப்பாளே... "அது சாருடைய கை, கிளி" என்று சொல்லிவிட்டாள். "சாரு கையி டீயிலயா?" என்று கிளியம்மாள் மாரில் கை வைத்துக் குண்டானை எட்டிப் பார்த்தாள். கூடத்திலிருந்து அசரியா, "ஜோதி, உன் கெமிக்கல்ல இஞ்சி தூக்கலா இருக்கு" என்றார், அதற்குள் இடது கையில் டம்ளர்! வாய் கொஞ்சம் கோணினாலும் அந்தக் கிண்டல் மட்டும் கோணவில்லை.

சிரிப்பு வரவில்லை. தூள் பாக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டினாள், ஒரு சிட்டிகை இல்லை, அண்ணாச்சி மதியம் ஷட்டரை இழுத்தால் உலகம் அழிந்தாலும் சாயங்காலம்தான், அதுவரை தண்ணீரில் கிடந்தால் மிச்சமும் கரையுமே, போர் தண்ணீர் வேறு, குழாயையே தின்கிற தண்ணீர்... வெளியே எடுத்தால் காயும், உள்ளே விட்டால் கரையும், என்னதான் செய்வது? ஏன் தொட்டாய், ஏன் தொட்டாய், நீலமாகவே இருந்தால் என்ன, அவர் கைதானே, ஹெப்சி கையா...

"டீல எதும்மா வேலை செய்யுது? துவர்ப்புன்னு நீதானே அன்னைக்கு சொன்னே" என்றார் அசரியா. "என் கடுக்காய்ப் பொடியவிடத் துவர்க்கிறது இந்தத் தாம்பரத்துலயே கிடையாது. ராத்திரி அதைக் குடிச்சா என் வயித்துல இருக்கிறதே வெளிய வருது, உன் படம் வராதா?"

அலமாரி, டப்பா, வெந்நீர், கொட்டு, கலக்கு, துணியில் வடிகட்டு... அவசரத்தில் சிந்தித் தரையெல்லாம் மஞ்சள். காகிதத்தை உள்ளே இறக்கினாள். ஒன்றுமில்லை. ஆண்டவரே. தட்டை ஆட்டினாள். ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் மழைமேகம் போல ஒரு கருமை, அது ஊர்ந்து, பரவி, விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இறங்கி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மோதிரம் போட்ட விரல், வருகிறார், மனுஷன் வருகிறார், நீலத்தில் இருந்ததைவிட அழுத்தமாக, ரேகை எண்ணலாம் போல அழுத்தமாக... கிளியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், "யம்மாடி, சாருதான்!"

கழுவி, ஒற்றி, பலகையில் போட்டு, ஃபிரேம் கடை பர்வேஸ் நடுவில் ஜன்னல் வெட்டிக் கொடுத்த வெள்ளை அட்டையை மேலே வைத்துப் பார்த்தாள், அப்போதுதான் சுண்டுவிரல் கண்ணில் பட்டது. நீலத்தில் மசமசப்பாக இருந்தது கடுக்காயில் கறுத்துத் துல்லியமாகிவிட்டது. காகிதம் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் பக்கத்து விரலும் மங்கியிருக்குமே, அது கத்தி வெட்டு போல நிற்கிறதே... எழும்பினது விரல். உள்பக்கமாக லேசாக மடங்கி, காகிதத்தைத் தொட முடியாமல் நின்ற விரல், அடியில் வெயில் புகுந்திருக்கிறது. ஏப்ரலிலேயேவா, ஆடிக்கு முன்னாலேயே கை மடங்கத் தொடங்கிவிட்டதா? விரிச்சுத்தான் இருக்கேன் என்றாரே, விரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதானே சொன்னார்... இல்லை, சூட்டுக்கு மடக்கியிருப்பாரா, யாருக்குத்தான் சுண்டுவிரல் நேராக இருக்கிறது, தன் விரலையே பலகையில் வைத்து அழுத்திப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அட்டையை ஒரு நூல் இந்தப் பக்கம் நகர்த்தினால் சுண்டுவிரல் மறைந்தது, நாலு விரலில் அழகான கை, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தப் பக்கம் நகர்த்தினால் வந்தது.

"வந்துடுச்சா ஜோதி?"

"வந்துடுச்சுங்க."

"முழுசாவா?"

இவள் நகர்த்தின அட்டையின் விளிம்பு சுண்டுவிரலின் பாதியில் வந்து நின்றது.

"ஜோதி... முழுசாவான்னு கேக்கறேன்ல?"