ஆம்புலன்ஸ் நின்ற இடம்

எங்கள் கவுண்டி என்கிற சின்ன மாவட்டத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாடு வளர்ப்பவர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், தபால்காரி நோரா என்று ஊர்க்காரர்கள்தான். பேஜர் அடித்தால் போட்டதைப் போட்டபடி ஓடி வருவார்கள். அன்றைக்கு டெல்மரின் முறை. தீவனக் கடையில் நின்றிருந்தவருக்கு பேஜரில் வந்தது அவர் வீட்டு முகவரியேதான்.

மனைவி ஆர்லிஸுக்கு நெஞ்சுவலி. நோரா அவளோடு பின்னால் ஏறிக்கொள்ள, டெல்மர் ஓட்டினார். பாதி வழியில் இன்ஜின் சக்தியை இழந்து, வண்டி ஊர்ந்து, நின்றுவிட்டது. வேறு வண்டி வருவதற்குள் ஆர்லிஸ் போய்விட்டாள்.

இழுத்துக்கொண்டு போன கராஜ்காரன் என்ன செய்தான் தெரியுமா? எல்லாரும் செய்வதைத்தான். கருவியை மாட்டியதும், ஏன் நின்றது என்று இன்ஜின் நினைவில் பதிந்திருந்த பிழைக் குறிப்புகளை முதல் வேலையாக அழித்தான். பிறகு ஊரைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, "வண்டியில ஒண்ணும் இல்ல" என்று எழுதிக் கொடுத்தான். அவனை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கப்புறம் காபிக் கடையில் வாய்கள் திறந்தன. "சொந்தப் பொண்டாட்டின்னா யாருக்குத்தான் கை உதறாது? பதட்டத்துல எதையோ அமுக்கி நிறுத்திட்டான், பாவம்." அந்தப் 'பாவம்'தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கவுண்டியின் டீசல் வண்டிகளைப் பழுதுபார்ப்பவள் நான். ஒரு காலையில் டெல்மர் என் பட்டறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"கார்லா, நான் நிறுத்தினேனா, அதுவா நின்னுச்சா? எனக்கே தெரியல. நீ பாத்துச் சொல்லு."

"ஏன் பெருசு, பிரேக்க மிதிச்சது ஞாபகம் இருக்காதா?"

"எதுவுமே ஞாபகம் இல்ல. அவளப் புதைச்சதுகூட யாரோ சொல்லித்தான் தெரியுற மாதிரி இருக்கு."

அழவில்லை அவர். சந்தையில் மாட்டு விலை சொல்வதுபோலச் சொன்னார். பட்டறையில் நின்ற ஆம்புலன்ஸுக்கு அடியில் கை விளக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

எனக்குச் சந்தேகம் புகைக்குழாயில் இருக்கும் வெப்ப உணரிகள் மீது. புகையைச் சுத்தம் செய்யும் டப்பாவுக்கு முன்னும் பின்னும் அவை குத்தி நிற்கும். ஒன்று பொய் சொன்னால் போதும், குழாய் தீப்பிடித்து எரிகிறது என்று நம்பி இன்ஜின் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும். குளிர்ந்த பிறகு சாவியைப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். உணரிகளை அளந்தேன், சரியாக இருந்தன. கம்பிகளைப் பிடித்து ஆட்டினேன். சூடான காற்றடித்துப் பார்த்தேன். திரையில் எண்கள் சாதுவாக நின்றன. சூடும் அதிர்வும் சேர்ந்து வந்தால்தான் பேயாடும் போல. பட்டறைக்குள் அது நடக்காது.

"வாங்க, அதே ரோட்டுல போவோம்," என்றேன். அவர் ஓட்டினார். நான் மடியில் கணினியோடு பக்கத்தில்.

மேட்டில் ஏறும்போது வெப்பம் ஏறியது. உச்சியில், மாடு தாண்டாதபடி, வண்டி மட்டும் ஏறிப் போகும்படி, சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்கள் பதித்த தடுப்பு. பின்னால் ஆள் படுத்திருந்தால் அதன்மேல் மாடு நடக்கிற வேகத்தில்தான் ஏறுவோம். டெல்மர் அப்படித்தான் ஏறினார். எண்கள் அசையவில்லை. திரும்பி வந்து மறுபடி ஏறினோம். அப்போதும் இல்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் போனீங்களா?"

அவர் ஸ்டியரிங்கையே பார்த்தார். "இல்ல. இங்க வந்ததும்தான் ஞாபகம் வருது. வேகமா மிதிச்சேன்."

"அப்ப இப்பவும் மிதிங்க."

மிதித்தார். குழாய்கள் தடதடவென்று வண்டியை உலுக்கின. அறுநூறு டிகிரியில் இருந்த எண் ஒரே தாவலில் ஆயிரத்து எண்ணூறைத் தொட்டது. மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்துக்குள் இன்ஜின் தளர்ந்து, வண்டி ஊர்ந்து, புல்லோரத்தில் நின்றது. அவர் கால் இன்னும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடியே இருந்தது.

கீழே படுத்துப் பார்த்தேன். உணரியின் கம்பியைத் தளர்வே விடாமல் வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தது ஒரு கிளிப். மேலுறை முழுசாக இருந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே செம்பு இழைகள் அற்றுப் போயிருப்பது தெரிந்தது. அற்ற முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காலம் தள்ளியிருக்கின்றன. பலமாக உலுக்கினால் பிரிந்துவிடும்.

எழுந்து வந்தேன். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம், மறைக்க மாட்டேன். "யோவ் பெருசு! நீங்க நிறுத்தல. வண்டிதான் நின்னுச்சு. இன்னைக்கே காபிக் கடைக்குப் போறேன். ஒவ்வொருத்தன் மூஞ்சியிலயும் இந்தக் கணினியக் காட்டுறேன்."

"காட்டு," என்றார்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் சாலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல மெதுவாப் போனோம். அப்ப ஒண்ணும் ஆகல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அது... எப்பவாவது வர்ற கோளாறு. இப்படித்தான் வரும்னு சொல்ல முடியாது."

"உனக்குப் பொய் வராது, கார்லா. மெதுவாப் போயிருந்தா நின்னிருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன்.

"நின்னிருக்காது," என்றேன்.

தலையாட்டினார். நாளைக்கு மழை என்று கேட்டவர்போல.

"அவ சொன்னா. பின்னாலருந்து. 'டெல்மர், மெதுவாப் போ, இடிக்குது'ன்னு. எப்பவும் நான் ஓட்டுறதக் குறை சொல்றவதான. காதுலயே போட்டுக்கல."