ஓடவிட்ட முனை

“பைசான் கண்ணைக் கெடுத்த கயித்தக் குடுங்க மாமா.”

தாராவிக் கயிற்றுப் பட்டறையில் ஜெயினுலாப்தீன் மாமாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று உம்மா ஒரு வருஷமாகச் சொல்லிவந்தாள். சஃப்ரீனை நெசவு இன்ஜினியரிங் வரைக்கும் படிக்கவைத்தவர் அவர்தான். கேட்டேவிட்டாள்.

ஸ்கூட்டரில் மூட்டை கட்டுகிற, மாமா பட்டறையில் செய்த ரப்பர் கயிறு அது. இரண்டு முனையிலும் கொக்கி. தம்பி பைசான் இழுத்து மாட்டும்போது அறுந்து, கொக்கி கண்ணில் அடித்தது. அளவு தெரியாமல் இழுத்தான் என்றார் மாமா. வீடும் நம்பியது. ஏன், பைசானே நம்பினான்.

மாமா மேஜை டிராயரைத் திறந்து கயிற்றை எடுத்து வீசினார். அவள் பிளேடால் மேலுறையைக் கீறினாள். நாலு ரப்பர் இழை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருந்தன. பருமன் குறையாமலிருக்க முறுக்கை இரட்டிப்பாக ஏற்றியிருந்தார்கள்.

கொக்கி மாட்டாத புதுக் கயிறு ஒன்றை எடுத்து ஒரு முனையை ஆணியில் கட்டினாள். மறுமுனையை விரல் நுனியில் லேசாகப் பிடித்து இழுத்தாள். முனை விரலுக்குள் சுழன்றது, முறுக்கு அவிழ்ந்தது, ஒரு முழக் கயிறு இரண்டு முழம் வந்தது. பத்து வயதில் மாமா கற்றுக்கொடுத்த வித்தை. “ஓடவிட்டு இழு புள்ள” என்பார். கயிறு வாங்க வருகிற பார்ட்டியெல்லாம் வாயைப் பிளப்பான்.

அடுத்த கயிற்றின் முனையை இடுக்கியில் இறுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தாள். முறுக்குக்கு ஓட வழியில்லை. ஒன்றேகால் முழம்கூட எட்டவில்லை. பட்டென்று அறுந்து தகரச் சுவரில் அறைந்தது.

“கொக்கி மாட்டுனா இப்படித்தான் மாமா ஆவும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

அவர் நிமிரவில்லை. “தெரியாமயா ஓடவிடச் சொல்லிக் குடுத்தேன்?”

சஃப்ரீன் இடுக்கியைக் கீழே வைத்தாள். தெரியாத மனுஷனுக்குப் புரியவைக்கத்தானே இவ்வளவும் செய்தாள். போன மாதம் செம்பூர் பார்ட்டிக்கு இழுத்துக் காட்டியவை இதே விரல்கள். அவன் வாங்கும் மால், அந்தச் சரக்குதான் வாசலில் பத்து மூட்டையாகக் கட்டிக் கிடந்தது.

மாமா சொல்லிக்கொண்டே போனார்: தந்தா, யாவாரம் என்றால் அப்படித்தான், பார்ட்டி சாயங்காலம் வருவான், அதுவரை வாயைத் திறக்காமல் இரு.

அவள் இடுக்கியையும் இரண்டு புதுக் கயிற்றையும் பைக்குள் போட்டாள்.

“பார்ட்டி இங்க வர வேண்டாம். நானே செம்பூருக்குப் போயி இழுத்துக் காட்டுதேன். இந்தத் தடவ ஓடவிட மாட்டேன்.”

மூட்டைகளைத் தாண்டி வெளியே நடந்தாள்.