மூன்றாம் கியரில் ஓடிய வண்டி

"வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல" என்று ஏழு வாரத்துக்கு முன்னால் துக்க வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னவன் அவன்தான். கேட்டது தங்கையின் மாமியார். "தம்பி, நீ மெக்கானிக். நீயே சொல்லு. இவ ஓட்டினது சரியில்லையா, வண்டி சரியில்லையா?"

நெஞ்சுவலியில் துடித்த மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, காரில் இருபது நிமிஷத் தூரத்துக்குத் தங்கை ஐம்பது நிமிஷம் எடுத்திருந்தாள். வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. தன் கை பட்ட வண்டியைக் குறை சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "பயத்துல அவளுக்கு ஆக்சிலரேட்டர்ல கால் அழுந்தியிருக்காது" என்றான். அன்றிலிருந்து மாமியார் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று காலை அதே வண்டியைத் தங்கை ஊர்ந்தபடி ஓட்டிவந்து அவன் பட்டறையில் நிறுத்தினாள்.

"அன்னைக்குப் பண்ணின மாதிரியே பண்ணுது அண்ணா. மிதிச்சா இரையுது, ஓட மாட்டேங்குது. ஒரு தடவை பாரேன். என் கால்தான் காரணமான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பட்டறையின் எலெக்ட்ரீஷியனை எல்லோரும் ஃபியூஸ் என்று கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் அவன் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்றும் பார்த்தான், எல்லாம் நன்றாக இருந்தது. சாவியை அணைத்துப் போட்டதும் வண்டியும் சமத்தாக ஓடியது.

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போச்சு" என்று சிரித்தான் ஃபியூஸ். "கியர்பாக்ஸை இறக்கிடலாமா?"

"இறக்கி வைக்க அதென்ன இட்டிலிப் பானையா? ஸ்கேனரை மாட்டு. ரோட்டுல பார்ப்போம்."

தங்கை பின்சீட்டில் உட்கார்ந்தாள். அவன் ஓட்டினான். ஸ்கேனர் ஃபியூஸின் மடியில் இருந்தது. எஞ்சின் சூடேறி, மூன்றாவது வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது திரையில் வேகம் நாற்பது என்று இருந்த எண் சட்டென்று பூஜ்யமானது.

"வண்டி ஓடுது. நிக்குதுன்னு வேக சென்சார் சொல்லுது" என்றான் ஃபியூஸ்.

தானாகக் கியர் மாற்றும் ஆட்டோமேட்டிக் வண்டி அது; வேகம் தெரியாமல் போனால் கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூன்றாம் கியரில் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று மூன்றாம் கியரில் கிளம்புவது, சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற மாதிரி. எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது.

வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். மீட்டர் வைத்துப் பார்த்ததில் சென்சார் பழுதில்லை. அப்படியென்றால் வயர். விரலால் தடவிக்கொண்டே போனான். சைலன்சர் குழாய்க்கு மேலே விரல் நின்றது. பிளாஸ்டிக் கட்டு உருகித் தொங்க, வயர் குழாயின் மேல் படுத்து, தோல் கருகிச் செம்பு தெரிந்தது. கட்டின் வால் வெட்டப்படாமல் முறுக்கிச் செருகப்பட்டிருந்தது. பட்டறையில் அப்படிக் கட்டுகிறவன் ஒருத்தன்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஆயில் மாற்றும்போது வயரைப் பிடிக்கும் கிளிப் உடைந்தது. நாளைக்குப் புதுசு மாற்றிக்கொள்ளலாம் என்று அவனேதான் இதைக் கட்டினான். அந்த நாளை வரவே இல்லை.

ஃபியூஸும் வாலைப் பார்த்துவிட்டான். குரலைத் தாழ்த்தி, "எலி கடிச்சிருக்குன்னு சொல்லிடு" என்றான்.

"எந்த எலின்னு உனக்கும் தெரியுமேடா."

தங்கையைக் கூப்பிட்டு வயரைக் காட்டினான். "உன் கால் இல்லம்மா. நீ ஒழுங்காத்தான் மிதிச்சிருக்க. நான் கட்டின கட்டு இது."

அவள் கருகிய வயரைத் தொட்டுப் பார்த்தாள். "சிக்னல்ல பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க. மூச்சு வாங்கிட்டே அவர், 'பதட்டப்படாத, மெதுவாவே போ'ன்னார். நான் பயந்து மெதுவா ஓட்டுறேன்னு நினைச்சிட்டார்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "சீக்கிரம் போயிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"தெரியலம்மா."

"இந்தத் தெரியலையை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணா."

அவன் கைக் கிரீஸைத் துணியில் துடைத்தான்.

"வா. எந்தக் கூடத்துல சொன்னியோ, அங்கேயே வந்து சொல்லு."

மாமியார் சோபாவில் மகனின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவன் நின்றபடியே சொன்னான். கிளிப் உடைந்தது, கட்டியது, மறந்தது, கூடத்தில் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. கியர், சென்சார் எதுவும் அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. மற்றதெல்லாம் விளங்கியது.

"அப்ப இவ மிதிச்சிருக்கா" என்றார்.

"ஆமாம்மா. முழுசா."

பக்கத்தில் இருந்த சட்டைகளை ஒதுக்கிவிட்டு மருமகளைப் பார்த்தார். "இப்படி வந்து உட்காரும்மா."

அவள் உட்கார்ந்ததும், இத்தனை நாள் ஆளுக்கொரு அறையில் அழுத இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். அவன் கதவோரம் நின்றான். அவனை உட்காரச் சொல்லவும் யாருமில்லை, போகச் சொல்லவும் யாருமில்லை.