பூட்டு வக்கீல் வீட்டு நோட்டீஸ்

எங்கள் தெருவில் என் கணவருக்குப் பூட்டு வக்கீல் என்று பெயர். அடமானக் கடன் கட்டத் தவறியவர்களின் வீட்டை வங்கிக்கு மீட்டுக் கொடுப்பதுதான் இத்தனை வருஷமும் அவர் தொழில். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. எனக்கோ சிரிப்பாக இருக்கும். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற மனுஷன் அவர்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நோட்டீஸில் கையெழுத்துப் போடும்போது கடன்காரரின் பெயரைப் படிக்கமாட்டார். குமாஸ்தா எல்லாவற்றையும் சரிபார்த்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் விரித்து வைப்பார். "பேரைப் படிச்சா அந்தாளுக்கு ஒரு மொகம் வந்துடும். மொகம் வந்துட்டா எனக்குக் கை ஓடாது" என்பார். இளகின மனசுக்கு அவரே கண்டுபிடித்த மருந்து அது. கடன் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. சொந்த வீடு என்று நான் வாயெடுத்தால் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார். அதனால் கீழ்த்தளத்தில் வாடகைக்கே எங்கள் காலம் ஓடியது.

வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். மாடிக்காரர் என்றுதான் சொல்லுவோம். தங்கமான மனிதர், வாடகையை ஏற்றுவது பற்றி மூச்சே விட்டதில்லை. என் கணவரைக் கண்டால் மட்டும் எழுந்து நின்றுவிடுவார், இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். மரியாதை என்று நினைத்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை கேட்டில் பசைகூடக் காயாமல் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மாடிக்காரர் தன் அச்சகத்துக்காக வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். அச்சகம் படுத்துவிட்டது. இரண்டு மாதத்தில் பாக்கியைக் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். அவரும் தெருவில், நாங்களும் தெருவில்.

"பதறாத. எந்த நோட்டீஸ்லயும் ஒரு ஓட்டை இருக்கும்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார் என் கணவர். ஒரு முறை படித்தார். திரும்பவும் படித்தார். "பாவி, எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கான்! ஒரு ஓட்டைகூட இல்லையே."

"கீழ கையெழுத்தப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை.

இருவரும் மாடிக்குப் போனோம். மாடிக்காரர் வழக்கம்போல எழுந்து நின்றார்.

"சத்தியமா நான் பேரைப் பாக்கல" என்றார் என் கணவர்.

"உங்க வேலையத்தான செஞ்சீங்க சார். உங்ககிட்ட யோசனை கேக்கலாம்னு எத்தனையோ தடவை எறங்கி வந்தேன். கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவேன். பயம்."

என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கேஸ நான் நடத்தமாட்டேன், வங்கிக்கே திருப்பிக் குடுத்துடறேன். நீங்க கீழ்த்தளத்தை மட்டும் வித்துப் பாக்கிய அடைச்சுடுங்க. மாடி உங்களுக்கு நிக்கும். வங்கி ஒத்துக்கும்."

"நோட்டீஸ் ஒட்டின வீட்டை யார் சார் வாங்குவா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சிரித்துவிடுவேனோ என்று பயம்.

"நான் வாங்கறேன்" என்றார். "கடன் போட்டு." கடைசி இரண்டு சொல்லும் விளக்கெண்ணெய் குடித்தவர் வாயிலிருந்து வருவது மாதிரி வெளியே வந்தன.

வங்கி ஒத்துக்கொண்டது. எங்களுக்குக் கடன் தந்தது வேறொரு வங்கி. பத்திரத்தை இந்த முறை முதல் பக்கத்திலிருந்து எழுத்துவிடாமல் படித்தார். கடன்காரர் என்ற இடத்தில் தன் பெயரைக் கண்டதும் பேனா நின்றுவிட்டது.

"கை ஓடல" என்றார் என் காதோடு.

"எல்லாம் ஓடும், போடுங்க" என்று முழங்கையைத் தட்டினேன். ஒருவழியாகப் போட்டார்.

அன்று சாயங்காலம் மாடிக்காரர் இறங்கி வந்தார். இந்த முறை கதவோடு திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் கொடுத்த டீயை நிதானமாகக் குடித்தார்.

"சார், தவணைத் தேதிய மட்டும் மறந்துடாதீங்க" என்றார்.

"ஏன்?"

"பூட்டு வக்கீல் வந்துடுவாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணவரோ கையிலிருந்த டீ வேட்டியில் சிந்துவதுகூடத் தெரியாமல் சிரிக்க ஆரம்பித்தார்.