சோதனைத் தாளின் முதல் வரி

பதினோராவது முறையும் பச்சை விளக்கு எரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் சின்னது. ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு சர்க்யூட் கார்டுகள். இரண்டுக்கும் நடுவே கேபிள் கிடையாது. இரண்டும் சொருகியிருக்கும் பின்பலகையில் ஓடும் செம்புக் கோடுகள்தான் பாதை. கார்டு எழுந்திருக்கும்போது ஓடும் பூட் மென்பொருளிடம், "உன் லைன் ஃபைபர் இல்லை, செம்பு" என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் இரண்டு பக்கமும் பழகிக்கொண்டு பத்து ஜிகாபிட் வேகத்தில் பேச ஆரம்பிக்கும், பச்சை விளக்கு எரியும். அந்த வரியைப் போட்டவன் நான். என் மேசையில் மென்பொருளையும் அந்த வரியையும் ஏற்றிய ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்தது. அதே பெட்டியைச் சோதனை அறைக்குத் தூக்கிப்போனால் செத்துவிடுகிறது.

மறுநாள் காலை வாடிக்கையாளர் எங்கள் மந்தைவெளி ஆபீசுக்கு வருகிறார். இருப்பது ஒரே பெட்டி. பின்பலகையை ஆறு மாதம் உட்கார்ந்து வடிவமைத்தவன் லாய்ட், சாந்தோம்காரன். இது தேறாவிட்டால் அவன் பழையபடி ரிப்பேர் பிரிவுக்குப் போக வேண்டியதுதான் என்று எங்கள் மேனேஜர் மேடம் சொல்லியிருந்தார்.

"இன்னா அறிவு, எரியுதா?" என்று என்னிடம் வந்து நின்றான் லாய்ட்.

"வயிறுதான் எரியுது. நகத்தினா லிங்க் போவுதுன்னா இன்னா அர்த்தம்? உன் பலகைல கார்டு சொருவுற கனெக்டர் லூசு."

"நானே நின்னு அழுத்தி வச்சது மச்சி. கழட்டினா பலகைல ஓட்டை பிஞ்சிக்கும். அப்பால போர்டே காலி."

"என் மேசைல ஓடுதுல்ல? அப்ப தப்பு யார் மேல? கழட்டு!"

கத்தியே விட்டேன். அவன் பலகையை மட்டும் திருகு கழற்றி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சிந்தாதிரிப்பேட்டையில் சேட்டு அண்ணன் பட்டறைக்கு வண்டியை விட்டான். கனெக்டர் கழற்றும் கருவி அங்கேதான் இருக்கிறது.

அரை மணி கழித்து, சோதனை பார்க்கும் ஸஹானா கையெழுத்துக்காகத் தாளை நீட்டினாள். எரிச்சலோடு வாங்கினேன். முதல் வரி: பழைய செட்டிங் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கவும்.

"இதை இன்னிக்கும் பண்ணியா?"

"பதினோரு வாட்டியும் பண்ணேன்ணா. நீங்கதானே எழுதி ஒட்டினீங்க?"

நான்தான். இரண்டு வருஷம் முன்னால், யாரோ விட்டுப்போன செட்டிங்கால் ஒரு வாரம் வீணானபோது, கோபத்தில் சிவப்பு மையால் எழுதி ஒட்டினேன். என் செம்பு வரியும் ஒரு செட்டிங்தான். மென்பொருளுக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சோம்பேறித்தனமாக வெளியே விட்டிருந்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அதை அழித்தது என் சட்டமேதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

லாய்டுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். நான்காவது முறை எடுத்தான்.

"மச்சி, கழட்டாதே! தப்பு என்னுது!"

பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது.

"கழட்டியாச்சு. நாலு ஓட்டை பிஞ்சிச்சு. இவ்ளோ டைட்டா கீறத எவன்டா கழட்டச் சொன்னான்னு சேட்டு அண்ணன் திட்டிகினு இருந்தாரு. அறிவு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன்."