ஓரத்தில் ஒரு நீலப்புள்ளி

காலை ஏழு பத்துக்கு மேட்டுத் தொட்டியின் விளக்கு கணினித் திரையில் சிவப்பானது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் குழாய்க்குள் புகுந்த காற்றுக்குமிழியைக் கிருமி என்று எண்ணி ஊரைக் கூட்டியது, தொட்டியில் பொருத்திய அந்தப் புதுக் கருவி. ஓடும் தண்ணீரில் ஒளியைப் பாய்ச்சி, நாங்கள் ஒரு நாள் காத்திருந்து எண்ணியதை நிமிடத்தில் எண்ணிச் சொல்லிவிடும் என்றுதான் வாங்கினார்கள். சொல்கிறது. நம்பலாமா கூடாதா என்பதை மட்டும் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எச்சரிக்கையை நீக்க என் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் தொட்டியின் வால்வை மூட வேண்டும். மூடினால் மருத்துவமனையும் இரண்டு பள்ளிகளும் ஆறாயிரம் வீடுகளும் காலை வேளையில் குழாயைத் திருகித் திருகி எங்களைத் திட்டும். பொறியாளர் என் மகள் வயதுப் பெண். "குமிழிதான் அண்ணே, கையெழுத்துப் போட்டுடுங்க" என்று படிவத்தை நீட்டினார்.

ஆய்வகத்தில் எனக்கு ஆமாம்சாமி என்று பெயர். முப்பத்து மூன்று வருட வேலையில் நான் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை, கூட வேலை பார்த்த ஒருத்தியைத் தவிர. அவளோடு தினமும் சண்டை.

அப்போதெல்லாம் குழாய் வாயில் தீ காட்டி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவோம். கட்டம் போட்ட ஒரு வட்டத் தாளில் அதை வடிகட்டி, தட்டில் வைத்து, இளஞ்சூட்டுப் பெட்டிக்குள் வளர விடுவோம். மறுநாள் ஒவ்வொரு கிருமியும் ஒரு நீலப்புள்ளியாக நிற்கும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஆளுக்கொரு சீட்டில் எழுதி, ஒன்றாகத் திருப்ப வேண்டும். எண் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நான் பதின்மூன்று என்பேன், அவள் பதினான்கு என்பாள். அது தூசு என்பேன். தூசுக்கு யார் நீலச்சாயம் பூசியது என்று கேட்பாள். கொண்டையில் செருகிய பென்சில், பெட்டியின் முனகல், வேகவைத்த சாறு போன்ற அந்த வாடை எல்லாம் எனக்கு இன்னும் வேண்டும். எங்கள் காதல் முழுக்க எண்களில்தான் நடந்தது.

ஒருமுறை சண்டை முற்றி இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் சினிமாவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்து அவள் மேசையில் வைத்தேன். தட்டெல்லாம் சுத்தமாக இருந்தால் மாலைக் காட்சிக்குப் போய்விடலாம் என்றேன். பாதிச் சிரிப்பு வந்தது.

கடைசித் தட்டு ஆற்றோரத் தெருவுடையது. அதில் ஒரே ஒரு நீலப்புள்ளி. குடிதண்ணீரில் ஒன்று இருந்தாலும் இருந்ததுதான். மறுபடி அந்தத் தெருவுக்குப் போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டும், சினிமாவும் போய்விடும், சமாதானமும் போய்விடும். ஓரக்கண்ணால் அவள் சீட்டைப் பார்த்தேன். பூஜ்யம். நானும் பூஜ்யம் எழுதினேன்.

படத்தின் கதை சுத்தமாக நினைவில்லை. அவள் தோள் என் தோளில் பட்டது மட்டும் நினைவிருக்கிறது. படம் பார்த்த நான்காம் நாள் அந்தத் தெருவில் பதினொரு பிள்ளைகள் வாந்திபேதியில் படுத்தார்கள். அவளுடைய அக்கா மகனுக்கு ஐந்து நாள் சலைன் ஏறியது. கட்டிலின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி, மகள் பிறந்து வளர்ந்து, அவள் ஓய்வும் பெற்றுவிட்டாள். அப்போதும் திறக்கவில்லை.

பொறியாளர் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி சட்டைப் பையில் போட்டேன்.

"வால்வை மூடிடுங்க மேடம். தட்டுல வளர்த்துப் பார்த்துடலாம். குமிழின்னு தெரிஞ்சா தப்பு என் பேர்லயே இருக்கட்டும்."

அவர் ஆளைக் கூப்பிட்டு வால்வை மூடச் சொன்னார். அன்று முழுக்கத் தொலைபேசியில் ஊரே என்னைக் காய்ச்சி எடுத்தது.

மறுநாள் தட்டை வெளியே எடுத்ததும் அவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, எண்ணி எழுதச் சொன்னேன். என் தலையைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு சீட்டிலும் பத்தொன்பது. தொட்டியின் காற்றுத் துவாரத்தில் வலை கிழிந்து, உள்ளே ஒரு பறவை செத்து மிதந்தது.

மாலை வீட்டில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது கதையைச் சொன்னேன். பரவாயில்லையே, ஆமாம்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டதே என்று கிண்டல் செய்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மற்றதையும் சொல்லிவிட்டேன்.

"ஆத்தோரத் தெரு தட்டுல அன்னிக்கு ஒண்ணு இருந்துச்சு. நான் பார்த்தேன். உன் சீட்டைப் பார்த்துட்டு சைபர்னு எழுதிட்டேன்."

கத்தி நின்றது. அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"மூணாவது வரிசையில, ஓரத்துல."

எந்த வரிசை என்று நான் சொல்லவே இல்லை.

"டிக்கெட்டை வெச்சுட்டு ஆசையா நின்னீங்க. என் வாயால ஒண்ணுன்னு சொல்ல மனசு வரல" என்றாள். "எப்பவும் என்கூட சண்டை போடுவீங்களே, அன்னிக்கும் போடுவீங்கன்னு நினைச்சேன்."