சிவந்து காட்டாத கன்னம்

ஒஸ்லோப் புறநகரான அம்மருட்டில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஓர் அழகுநிலையம் வைத்திருந்தாள் அஜந்தா. கைராசிக்காரி என்று ஒஸ்லோத் தமிழரிடையே பெயர். அந்தப் பெயர்தான் இந்த வசந்தத்தில் நாறப் பார்த்தது.

கணவனின் தமக்கை மகள் கஜேந்தினிக்குக் கோடையில் கலியாணம். பருத் தழும்பு போகவேண்டும் என்று வந்து படுத்தாள். மேல்தோலை உரிக்கும் கிளைகோலிக் அமிலத்தை முகத்தில் பூசினால் தோல் மெல்லச் சிவக்கும், சிவந்ததும் கழுவு என்றுதான் நொர்வேஜிய அழகுக்கலை வகுப்பில் அஜந்தாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அங்கே பழகக் கிடைத்த முகங்கள் எல்லாம் வெள்ளை முகங்கள்.

"மாமி, எரியுது."

"பொறு பிள்ளை, இன்னும் சிவக்கேல்லை."

மாநிறக் கன்னம் எங்கே சிவந்து காட்டப்போகிறது! தோல் வெந்துகொண்டிருந்தது, இவள் சிவப்புக்குக் காத்திருந்தாள். போதாக்குறைக்கு, கறுத்த தோலுக்கு எதற்கு வெயில் காக்கும் சன்கிறீம் என்று இருவருமே விட்டுவிட்டார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குப் போன பெண், பனியில் பட்டுத் தெறித்த வெயிலை முழுசாக வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு.

அதைக் கண்டதும் அஜந்தா நிலையத்தைப் பூட்டினாள். தானே அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினாள். இனி அமிலம் வேண்டாம், சாதுவான கிறீமும் தினமும் சன்கிறீமும் போதும், திட்டு மாதக்கணக்கில் மெல்ல மங்கும் என்றார் டாக்டர். பிறகு வேண்டுமானால் வலுக்குறைந்த அமிலத்தைக் காதடியில் பூசிப் பார்த்துத் தொடங்கலாம். எரிகிறது என்றால் உடனே கழுவவேண்டும், நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

கஜேந்தினிக்குப் பொறுமை இல்லை. அடுத்த கிழமையே வந்து நின்றாள்.

"கலியாணத்துக்கு முன்னம் போகவேணும் மாமி. இதைவிடக் கடுமையானதாப் போட்டு உரிச்சு விடுங்கோ."

அஜந்தாவின் கை அமிலப் போத்தலை நோக்கிப் போகத்தான் செய்தது. திட்டு உரிந்துவிட்டால் பெயர் தப்பும். ஆனால் உரியாமல் இன்னும் கறுத்தால்?

"மாட்டன்."

"பழுதாக்கினது நீங்கள்தானே!"

"ஓம், நான்தான். அதாலதான் மாட்டன்."

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள் அவள். கதை எல்லா இடமும் பரவியது. அஜந்தாவின் தொலைபேசி ஊமையாகிவிட்டது.

ஜூன் மாதம் ஒருநாள் கதவு திறந்தது. கஜேந்தினி! கூடவே வருங்கால மாமியார் சிறிதேவி. அஜந்தாவின் கண் முதலில் போனது கன்னத்துக்குத்தான். திட்டு முழுக்கப் போகவில்லை, ஆனால் டாக்டர் சொன்னபடி நன்றாக மங்கியிருந்தது. அப்பாடா!

கஜேந்தினி மாமியாரிடம் திரும்பினாள். "என்ர முகத்தைப் பழுதாக்கினது இவதான்."

அஜந்தா கையிலிருந்த துவாயை மேசையில் வைத்தாள்.

"நான் கத்தினாப் பிறகும் திரும்ப உரிக்கமாட்டன் எண்டு நிண்டதும் இவதான். வேற ஒருத்தரும் அப்பிடி நிண்டிருக்கமாட்டினம். என்ர முகத்தில இனி இவ மட்டும்தான் கை வைப்பா."

சிறிதேவி அஜந்தாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப, கலியாணத்தண்டு பொம்பிளையை அலங்கரிச்சு வெளிக்கிடுத்த விடிய வெள்ளெனவே வந்திடுவியள்தானே?"

அஜந்தாவுக்குக் கண் நிறைந்தது. "ஓம்" என்றாள்.